தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயில்

(தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் எமது நலன்புரிப் பகுதி சார்பில் ஆற்றிய உரை. வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே தரப்படுகின்றது.)



கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கிவிட்டு, பீலிக்குப் போக வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் பார்க்க வேண்டும். ஆகவே நாங்கள் நீட்டி முழக்கப் போவதில்லை. இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வெயில். வெயில் காலத்தில் வீட்டிலே எப்படிச் சமாளிப்பது என்பதுதான்.

"வெயில் என்னங்க புதுசா? நாங்க வெயில்லயே பொறந்து வெயில்லயே வேலை செஞ்சவங்கதானே" என்று சிலர் சிரிக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மலையில் ஒரு பெண் வெயில் பட்டுத் தலை சுற்றி உட்கார்ந்தால், பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவள் உடனே பார்த்துவிடுவாள். கூப்பாடு போடுவாள். கங்காணி ஓடி வருவார். நாலு பேர் தூக்கி நிழல் மரத்தடியில் கிடத்துவார்கள். அதே நேரம், லயத்துக் காம்பராவில், சாத்திய கதவுக்குள்ளே ஒரு வயதான ஆச்சி மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? எல்லோரும் மலைக்குப் போய்விட்டோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். சாயந்தரம் நாலரை, ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

அதனால்தான் சொல்கிறோம். வெயில் மலையில் மட்டும் அடிப்பதில்லை. தகரத்துக்குக் கீழேயும் அடிக்கிறது. அங்கே இருப்பவர்கள் நம்மில் மிகவும் பலவீனமானவர்கள்.

எந்த மாதம், எந்தத் தோட்டம்?

மலைநாடு என்றால் குளிர் நாடு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எல்லாத் தோட்டமும் நுவரெலியா இல்லை. உயரம் 1,000 மீட்டர் குறைந்தால், சூடு ஏறக்குறைய 6 பாகை கூடும். இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் 2,000 அடிக்குக் கீழே இருப்பவை. அங்கே சூடும் உண்டு, ஈரப்பதமும் உண்டு. ஈரப்பதம் கூடிய இடத்தில் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாமல் வழிந்துகொண்டே இருந்தால் உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் போகுமே தவிர, சூடு இறங்காது.

மேல்நாட்டுத் தோட்டத்தில் தை, மாசி மாதங்களில் இரவிலே பனி கொட்டும். கொழுந்து கருகிப் போகும். அதே நாள் பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஊவாப் பக்கத்தில், பதுளை, பண்டாரவளை, வெலிமடையில், ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும். உதடு வெடிக்கும், ஊற்று வற்றும். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வெயில் காலம் இருக்கிறது.

நாடு முழுவதற்கும் பொதுவானது மாசி, பங்குனி, சித்திரை. ஏப்ரல் மாதம் முதல் பாதியில், அதாவது நாம் வருஷப் பிறப்புக்குச் சாமான் வாங்க அலைகிற அதே நாட்களில், சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. 2024ஆம் ஆண்டு மாசி, பங்குனியில் வளிமண்டலவியல் திணைக்களம் பல மாவட்டங்களுக்கு வெப்ப எச்சரிக்கை கொடுத்தது ஞாபகம் இருக்கும். அந்த எச்சரிக்கை வெறும் சூட்டை மாத்திரம் பார்த்துச் சொல்வதல்ல. சூடும் ஈரப்பதமும் சேர்ந்து உடம்புக்கு எப்படித் தெரியும் என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்வது. ரேடியோவில் அந்தச் செய்தி வந்தால், அடுத்த நாள் வீட்டில் யார் யார் தனியாக இருப்பார்கள் என்று அன்று இரவே யோசித்து வையுங்கள்.

இன்னொரு விஷயம். மேலே குளிர் தோட்டத்தில் பிறந்த பிள்ளை, கல்யாணம் கட்டி கேகாலைப் பக்கம் வந்திருக்கும். புதுச் சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு வாரம் எடுக்கும். வந்த முதல் வாரமே "மருமகள் சோம்பேறி, படுத்துக் கிடக்கிறாள்" என்று பேச வேண்டாம், மாமியார்மாரே. அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குப் பழக்குங்கள்.

காம்பரா ஏன் அடுப்பாகிறது?

வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயத்தைப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டிய சுவர். முன்பக்கம் ஒரு கதவு. யன்னல் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மேலே தகரம். சொந்தக் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் இன்னும் நிறையக் குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. ஆகவே இருக்கிற காம்பராவை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

தகரம் வெயிலை வாங்கி, அப்படியே கீழே இறக்கும். மத்தியானம் தகரத்துக்குக் கீழே ஒரு நிமிடம் நின்று பாருங்கள், பிறகு மாமரத்தடியில் நின்று பாருங்கள். வித்தியாசத்தை உங்கள் தலையே சொல்லும். அதோடு உள்ளே அடுப்பும் எரிந்தால், புகையும் சூடும் போக வழி இல்லை. இதற்குச் செய்யக்கூடியவை:

1. காலையிலேயே சமைத்து முடித்து, நெருப்பை அணைத்துவிடுங்கள். பெரட்டுக்குப் போகும் முன்னே எப்படியும் ரொட்டி சுடுகிறீர்கள். மத்தியானச் சமையலையும் அப்போதே முடிக்க முடிந்தால், பகலில் வீட்டிலிருக்கும் பெரியவர் அடுப்படியில் வேக வேண்டியதில்லை. ஆனால் வெயில் காலத்தில் ஆக்கிய சோறும் தேங்காய்ப்பால் கறியும் சீக்கிரம் கெடும். மணம் மாறினால், நூல் விட்டால், கொட்டிவிடுங்கள். அதைச் சாப்பிட்டு வயிற்றோட்டம் வந்தால் உடம்பிலுள்ள தண்ணீர் இரண்டு மடங்கு போகும்.

2. வெயில் விழுகிற பக்கத்துக் கதவு யன்னலைப் பகலில் மறையுங்கள். ஒரு பழைய சேலையை நனைத்துப் பிழிந்து வாசலில் தொங்கவிட்டால் வருகிற காற்று குளிரும். இது ஊவா மாதிரிக் காய்ந்த காற்று அடிக்கிற இடத்துக்கு மிகவும் நல்லது. இரத்தினபுரி, காலிப் பக்கம் ஈரப்பதம் கூட என்பதால் அங்கே நனைந்த சேலையைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம். பொழுது இறங்கியதும் கதவு, யன்னல் எல்லாவற்றையும் திறந்து உள்ளிருக்கும் சூட்டை வெளியே போக விடுங்கள். கள்ளன், பாம்பு பயம் இருந்தால் யன்னலுக்குக் கம்பி வலை அடிப்பது நல்ல முதலீடு.

3. தகரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். சுவருக்குப் பூசுகிற அதே சுண்ணாம்புதான். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மழையில் கழுவிப் போகும் என்பதால் ஒவ்வொரு வெயில் காலத்துக்கும் பூச வேண்டும். ஆனால் லயம் தோட்டத்தின் சொத்து. காரியாலயத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். துருப்பிடித்த தகரத்தின் நடுவில் கால் வைத்தால் ஆள் உள்ளே விழுவார். மரம் ஓடுகிற இடத்தில் பலகை போட்டு, பழகிய ஆள்தான் ஏற வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்தால் அதில் ஏறவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆபத்து.

4. படுக்கிற காம்பராவில் தகரத்துக்கு ஒரு அடி கீழே, துவைத்த சாக்கையோ பழைய துணியையோ தைத்து, தட்டு மாதிரி இழுத்துக் கட்டலாம். இரண்டு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். அடுப்புக்கு மேலே கட்டவே கூடாது. மின்சார வயர், பல்பு பக்கத்திலும் கூடாது. மருந்து அடிக்கும் சாமான் வந்த சாக்கு வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

5. மேற்குச் சுவருக்குப் பந்தல் போட்டு அவரை, பூசணி ஏற்றுங்கள். நிழலும் கிடைக்கும், கறியும் கிடைக்கும்.

ஃபேன் இருக்கிற வீடுகள் உண்டு. நல்லது. ஆனால் மூடிய காம்பராவில் ஓடுகிற ஃபேன் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். கதவைத் திறந்து வைத்து, முகம், கை, கழுத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு ஃபேனுக்கு முன் உட்கார்ந்தால்தான் பலன். ஒரே பிளக்கில் நாலு சாமானைச் சொருகி நெருப்பை வரவழைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி மனம் விட்டுப் பேசுவோம்

இனிச் சொல்லப் போவதை ஆண்களும் கேட்க வேண்டும்.

கொழுந்து எடுக்கும் தாய்மார் பலர் காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போனால், மத்தியானம் வரை வாயில் ஒரு சொட்டும் வைப்பதில்லை. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்து சிரிக்கிறார்கள். காரணம் எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மலையில் கக்கூஸ் இல்லை. தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும். எங்கே போவது? அட்டை, பாம்பு, ஆம்பளைகள் நடமாட்டம். அதனால் குடிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். இது வெட்கப்பட்டு மறைக்கும் விஷயமில்லை. நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று, கல்லடைப்பு எல்லாம் இப்படித்தான் வருகின்றன. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு, வெயிலில் நிற்கிற உடம்புக்குத் தண்ணீர் இல்லாவிட்டால், அது வீட்டுக்கு வந்த பிறகும் சரிவராது. தலையிடி, கால் கெண்டை இழுப்பு, பிள்ளைகள் மேல் எரிச்சல். "சாயந்தரம் வந்தா அம்மா சும்மா சும்மா ஏசுது" என்று பிள்ளைகள் சொல்வதற்குப் பாதிக் காரணம் தாகம்தான்.

உங்கள் உடம்பில் தண்ணீர் போதுமா என்று பார்க்க டொக்டர் வேண்டாம். மூத்திரத்தின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக, இளமஞ்சளாகப் போனால் நல்லது. சாயத்தண்ணி நிறத்தில், கொஞ்சமாக, எரிச்சலோடு போனால் உடம்பு காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வெயிலில் வேலை செய்கிறவர் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கோப்பை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். போத்தலைக் கூடையில் போட்டுக்கொண்டு போய், நிரை மாறும்போதெல்லாம் குடித்துப் பழகுங்கள். மலையில் மறைவாக ஒரு தற்காலிக மலசலகூடம், நிழலான ஒரு இடம், ஒரு தண்ணீர் பீப்பா. இந்த மூன்றையும் தாய்மார் சங்கம் எழுத்திலே, கையெழுத்து வைத்து, தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கேட்பது குற்றமல்ல. கடிதம் எழுத நாங்கள் உதவி செய்வோம்.

வீட்டிலே என்ன குடிக்கலாம்? கொதித்து ஆறிய தண்ணீர்தான் முதலாவது. கஞ்சி நல்லது. மோர் கிடைத்தால் மிக நல்லது. கீழ்நாட்டில் இளநீர் உண்டு. தேசிக்காயைப் பிழிந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கலாம். தேத்தண்ணி உடம்பைக் காய வைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அளவோடு குடிக்கும் தேத்தண்ணியும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் மூன்று கரண்டி சீனி போட்டால் வேறு வியாதி வரும். சாராயமும் கசிப்பும் உடம்புத் தண்ணீரை வெளியே இறைத்துவிடும். "வெயில்ல வேலை செஞ்ச அலுப்புக்கு ஒரு துளி" என்கிற ஐயாமார் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இருதய வியாதி, சிறுநீரக வியாதிக்காக "தண்ணீரைக் குறை" என்று டொக்டர் சொல்லியிருந்தால் மட்டும், எவ்வளவு குடிப்பது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றோட்டம், வாந்தி வந்தாலோ, வேர்த்துக் கொட்டிச் சோர்ந்தாலோ ஜீவனி இருக்கிறது. ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். ஜீவனி கைவசம் இல்லையென்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. நன்றாகக் கவனியுங்கள், அரைக் கரண்டி.

வெயில் காலத்தில் பீலி வற்றும். பீப்பாவிலும் வாளியிலும் பிடித்து வைக்கிறோம். மூடி வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வெறுமையாக்கி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வெயிலுக்குச் சேர்த்த தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடக் கூடாது.

கைப்பிள்ளையும் கம்பளித் தொப்பியும்

நம்ம ஆட்களுக்குக் குளிர்ப் பயம் பரம்பரையாக வருகிறது. அது நியாயம்தான். நம் பாட்டன் பாட்டி காலத்தில் குளிரிலே எத்தனையோ பிள்ளைகள் போயிருக்கின்றன. ஆனால் சித்திரை மாதம், கீழ்நாட்டுத் தோட்டத்தில், மத்தியான நேரம், தகரத்துக்குக் கீழே, மூன்று மாதக் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி, மேசு, சுவெட்டர், மேலே துவாய்! பிள்ளை வீறிட்டு அழுகிறது. "சளி பிடிச்சிருக்கு" என்று இன்னொரு துணியைச் சுற்றுகிறோம்.

பிள்ளையின் கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால், சுட்டால், துணி கூடிப் போய்விட்டது. ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். சேலைத் தொட்டில் உயரத்தில், தகரத்துக்குக் கிட்ட இருந்தால் அங்கேதான் சூடு அதிகம். சூட்டுக் காற்று மேலே ஏறும். தொட்டில் துணி பிள்ளையை நாலு பக்கமும் மூடிக்கொள்ளவும் செய்யும். வெயில் நேரத்தில் தொட்டிலை அவிழ்த்து, சிமெந்துத் தரையில் பாய் போட்டு, காற்று வரும் பக்கமாகக் கிடத்துங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீரோ சீனித் தண்ணீரோ வேண்டாம். வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள், தாய் தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்க வரும் தாயைப் "போயிட்டு எப்ப வருவ?" என்று யாரும் விரட்டக் கூடாது. பிள்ளை ஆறு மணித்தியாலம் மூத்திரம் போகவில்லை, உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறது, அழும்போது கண்ணீர் இல்லை என்றால் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் வெயில் கூடாது. தலைசுற்றல், வயிறு இறுக்கிப் பிடித்தல், பிள்ளையின் அசைவு குறைதல் இருந்தால் மிஸ்ஸியிடம் சொல்லத் தாமதிக்க வேண்டாம்.

காம்பராவில் தனியாக இருக்கும் பெரியவர்

வயது போனவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. உடம்பு காய்ந்திருக்கும், ஆனால் "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்பார்கள். சிலர் கக்கூசுக்குத் தூரம் நடக்க வேண்டும் என்பதற்காகவே குடிப்பதில்லை. பிரஷர் குளிசை, மூத்திரம் போகிற குளிசை, மனநோய்க் குளிசை எடுப்பவர்களுக்கு வெயில் கூடுதலாகத் தாக்கும். அதற்காகக் குளிசையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கில் கேளுங்கள்.

கீழ்நாட்டுத் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பங்குனி மாதம். ஒரு ஆச்சி, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, கோழி உள்ளே வருகிறது என்று கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருக்கிறார். மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பிள்ளை வந்து தட்டினால், ஆச்சி ஏதேதோ பேசுகிறார். செத்துப்போன புருஷனைக் கூப்பிடுகிறார். பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. லயத்திலிருந்த இரண்டு பேர், "இது காத்து சேட்டை, பூசாரியைக் கூப்பிடு" என்கிறார்கள். இன்னொருவர், "காய்ச்சல், ஜன்னி வரப் போகுது, கம்பளியால போர்த்து" என்கிறார். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. அது யார் பேச்சையும் கேட்காமல் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடி, அங்கிருந்த அக்காவைக் கூட்டி வந்தது. அந்த அக்கா கம்பளியை இழுத்துப் போட்டுவிட்டு, ஆச்சியை இஸ்தோப்பில் கிடத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, முறத்தால் விசிறச் சொன்னார். வாகனம் வரும்வரை நிறுத்தவில்லை. ஆச்சி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தார்.

கம்பளியால் போர்த்தி, பூசாரி வரும்வரை காத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அடையாளமும் முதலுதவியும்

முதல் கட்டத்தில் தலைசுற்றல், தலையிடி, வாந்தி, கெண்டை இழுப்பு, அதிக வேர்வை, களைப்பு வரும். ஆளுக்குப் புத்தி தெளிவாக இருக்கும். நிழலுக்குக் கொண்டுபோங்கள். படங்கு, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். காலைக் கொஞ்சம் உயர்த்திக் கிடத்தி, ஈரத் துணியால் துடைத்து, ஜீவனியோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.

இரண்டாம் கட்டம் உயிராபத்து. உடம்புச் சூடு 40 பாகைக்கு மேலே போகும். பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும், வலிப்பு வரும், நினைவு போகும். தோல் காய்ந்திருக்கலாம், வேர்த்தும் இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது:

முதலில் குளிர வையுங்கள். தண்ணீரை ஊற்றுங்கள், விசிறுங்கள். கழுத்து, கக்கம், தொடை இடுக்கில் ஈரத் துணி வையுங்கள். கொதிக்கிற உடம்பில் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று பயப்பட வேண்டாம். ஊற்றாவிட்டால்தான் ஆள் போய்விடுவார்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள்.

பனடோல் இந்தச் சூட்டை இறக்காது. இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை. அதே நேரம், வெயிலில் போகாமலே இரண்டு நாளாகக் காய்ச்சல் காய்ந்தால் அது டெங்குவாகவும் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அதற்கு இரத்தம் பார்க்க வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது வருஷம் இல்லை, டெலிபோன் இலக்கம். சுவசெரிய என்ற இலவச அம்புலன்ஸ் சேவை. 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு எல்லா மாகாணங்களுக்கும் வந்துவிட்டது. தமிழிலும் பேசலாம். தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்த லயம், மெயின் ரோட்டிலிருந்து எந்தச் சந்தியில் திரும்புவது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சந்தியில் ஒரு பையனை நிறுத்துங்கள். ரோடு மோசமாக இருந்து வண்டி வரப் பிந்தினாலும், தோட்டத்து லொறியில் ஏற்றினாலும், வழி நெடுகக் குளிர வைப்பதை நிறுத்தக் கூடாது.

லயத்துக்கு ஒரு மத்தியானப் பார்வை

கடைசியாக, இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்துக்கொண்டு போவோம். கூரையை மாற்ற ஒரு நாள் போதாது. ஆனால் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லயத்திலும் பகலில் யாராவது இருப்பார்கள். பிரசவ லீவில் இருக்கிற பிள்ளை, ஓய்வெடுத்த தாத்தா, இராத்திரி ஸ்டோரில் வேலை செய்துவிட்டு வந்தவர். வெயில் மாதங்களில் பதினொன்றரைக்கு ஒரு தடவை, இரண்டரைக்கு ஒரு தடவை, அவர்களில் ஒருவர் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, தனியாக இருக்கிற ஒவ்வொரு பெரியவர், நோயாளி, மாற்றுத்திறனாளி வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். "ஆச்சி, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டு விட்டுப் போகாமல், ஒரு கோப்பையைக் கையில் கொடுத்துக் குடிக்க வைத்துவிட்டுப் போக வேண்டும். பதில் ஒழுங்காக வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கதவை உள்ளே தாழ்ப்பாள் போடாமல் படுக்கும்படி பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். கடும் வெயில் நாளில், முடிந்தவர்களை மத்தியானம் பந்தலடிக்கோ மரத்தடிக்கோ கோயில் மண்டபத்துக்கோ கூட்டிப் போங்கள்.

எந்த லயத்தில் யார் பார்ப்பது என்று, இன்றைக்குக் கலைந்து போகும் முன்னே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பெயர்ப் பட்டியலை இந்தச் சுவரிலே ஒட்டுவோம். கீழே 1990 என்ற இலக்கத்தையும், தோட்டத்து மருந்துக்காரரின் இலக்கத்தையும் பெரிதாக எழுதி வைப்போம். எழுத்துக் கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்து அழைக்க முடியும்.

ஒரு காம்பராவில் சாவு விழுந்தால் முழு லயமும் வேலைக்குப் போகாமல் நின்று துக்கம் கொண்டாடுகிற ஜனம் நாம். பந்தல் போடுகிறோம், பாய் கொடுக்கிறோம், தேத்தண்ணி ஊற்றுகிறோம். அந்த ஒற்றுமையில் கொஞ்சத்தை, ஆள் உயிரோடு இருக்கும்போதே, ஒரு கோப்பைத் தண்ணீராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

வெளியே பானையில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைத்திருக்கிறார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போங்கள்.